எத்தனை நாள் போட வேண்டும்

நாகூர் கனியின் கடையில் தேதி தாண்டிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சந்தில் பதினொரு கடைகள். சரக்கு எடுக்கும்போது மற்ற பத்துப் பேரும் விலையைப் பார்ப்போம், கனி தேதியைப் பார்ப்பார். பிஸ்கட் பொட்டலத்தின் மடிப்புக்குள், கடுகளவு எழுத்தில், பாதி அழிந்து கிடக்கும் எக்ஸ்பைரி தேதியை, கண்ணாடி இல்லாமல் கை நீளத்தில் பிடித்து வாசித்துவிடுவார். அறுபத்திரண்டு வயதில் அந்தக் கண் எங்கள் சந்தின் பொதுச்சொத்து. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பொருளைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவோம்.

அவர் வியாபாரத்துக்குச் சட்டம் ஒன்றுதான். வாங்கிய சரக்கை அதில் போட்டிருக்கும் தேதிக்குள் தீர்த்துவிட வேண்டும். தேதிக்கு முன்னால் குப்பையில் போட்டால் நட்டம், தேதிக்குப் பின்னால் விற்றால் பாவம். முப்பத்தோரு வருடம் அந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றியது. கடைசியில் அவர் பார்வையைக் கொண்டுபோனதும் அதுதான். அதற்கு ஒத்தாசையாக எட்டு மாடிக் கட்டடம் ஒன்றும் இருந்தது.

கடையில் பில் மேசைக்குப் பின்னால் கனி நிற்பார். அவருக்கு இடப்பக்கம், தராசை ஒட்டி, ஒரு முக்காலியில் அவர் மனைவி ஹலீமா. கல்லாவைப் பார்த்தபடியே "ஏலம் நூறு" என்பார் கனி. இடப்பக்கத்திலிருந்து பொட்டலம் அவர் கைக்கு வந்து சேரும். தலையைத் திருப்பி ஹலீமாவைப் பார்த்து அவர் பேசி யாரும் கண்டதில்லை. திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை.

2024 மார்ச்சில் அவருக்கு முழங்கையிலும் விரலிடுக்கிலும் அரிப்பு வந்தது. மசாலாத் தூளாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம். சொறிந்து சொறிந்து தோல் சிவந்து நீர் கட்டியது. ஹலீமாவின் நச்சரிப்பில் ஒருங்கிணைந்த சரும நல நிலையத்துக்குப் போனார்.

அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒரே சுவரொட்டி. புன்னகைக்கும் ஒரு மனிதர் ஆள்காட்டி விரலை உயர்த்தியிருப்பார். அவருக்குக் கீழே நான்கு மொழியிலும் "கேளுங்கள். கேட்டால்தான் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கும். வாசலில் கேட்பதற்கு ஓர் எந்திரம். அதனிடம் கேட்பது எப்படி என்று சொல்லித்தர அதன் பக்கத்தில் ஓர் ஊழியர்.

டாக்டர் நல்லவர். கிடைத்த நான்கு நிமிடத்தில் மூன்றரை நிமிடம் கணினியைப் பார்த்தார். மீதி அரை நிமிடம் முழுக்கக் கனிக்குத்தான்.

"எக்ஸிமா. ஸ்டீராய்டு கிரீம் தர்றேன். கொஞ்சம் ஸ்ட்ராங். நல்லா கேக்கும்."

"எத்தனை நாள் போடணும் டாக்டர்?"

"கீழ ஃபார்மசியில வெவரமா சொல்லுவாங்க."

கீழே ஃபார்மசியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அதையே கேட்டார். "டாக்டர் சொல்லலியா? அவர் எழுதினததான் நாங்க லேபிள்ல போடுவோம்" என்றாள் அவள். லேபிளில் இப்படி இருந்தது: பாதிக்கப்பட்ட இடத்தில் மெல்லியதாகத் தடவவும். தினம் இருமுறை. வெளிப்பூச்சுக்கு மட்டும்.

அவ்வளவுதான். ஒரு வரி குறைந்த லேபிள். அந்த ஒரு வரியைத் தேடித்தான் இந்தக் கதை முழுக்க அவர் அலைந்தார்.

கடைக்குத் திரும்பியதும் ஹலீமா கேட்டார். "எத்தனை நாளாம் மச்சான்?"

"யாரும் சொல்லல." கனி டியூபைத் திருப்பினார். அடிப்பக்கம் மடித்து நசுக்கிய இடத்தில், மை இல்லாமல் வெறும் அழுத்தமாகப் பதிந்திருந்த எழுத்தை விளக்குக்குச் சாய்த்து வாசித்தார். "நவம்பர் 2025. போட்டிருக்கே."

"அது கெட்டுப்போற தேதில்ல?"

"அதுக்குள்ள தீர்த்துரணும். தேதிக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு?"

முப்பத்தோரு வருட வியாபாரியிடம் தேதியைப் பற்றி வாதாட முடியாது. ஹலீமா ஏலக்காயை நிறுக்கப் போனார்.

கிரீம் நல்ல கிரீம். அதைக் குறைசொல்ல ஏதுமில்லை. பத்து நாளில் முழங்கை பழைய முழங்கை ஆனது. அத்துடன் விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் வற்றல் மிளகாய் மூட்டை பிரிக்கும் நாட்களில் அவருக்குக் கண்ணிமை அரிக்கும். லேபிளை எடுத்துப் பார்த்தார். பாதிக்கப்பட்ட இடம் என்றிருந்தது. இமையும் பாதிக்கப்பட்டிருந்தது. வெளிப்பூச்சு என்றிருந்தது. இமையும் வெளியேதான் இருந்தது. தடவினார். கால் மணி நேரத்தில் கண்ணுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இதமாக இருந்தது என்று எங்களிடமே சொன்னார். இடது இமைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார். மூட்டை பிரிக்கும்போது தூள் அந்தப் பக்கம்தான் பறக்கும்.

நடுவில் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். இமை சிவந்து வீங்கி, அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. பார்த்தீர்களா, மருந்து இன்னும் தேவைப்படுகிறது என்று முடிவு செய்தார். யார்தான் வேறு முடிவு செய்வார்கள்?

டியூப் தீர்ந்துபோகும் என்ற கவலையும் அவருக்கு இல்லை. நிலையத்தில் தொடர் விநியோகத் திட்டம் என்று ஒன்று உண்டு. முதல் நாள் ஏதோ ஒரு ஃபார்மில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு புது டியூப், நன்றி அட்டையோடு, வாசலுக்கே வந்தது. ஒவ்வொன்றிலும் தேதி முந்தையதைவிடத் தள்ளியே இருந்தது. பிப்ரவரி 2026. அப்புறம் ஆகஸ்ட். அப்புறம் 2027.

"தேதி ஓடிக்கிட்டே இருக்கே மச்சான்," என்றார் ஹலீமா. "எப்பதான் முடியும்?"

அது கனிக்கும் உறைத்தது. வந்த சரக்கை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது வேறு, எப்போது தீர்ப்பது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டே இருப்பது வேறு. மறுபடி நிலையத்துக்குப் போனார்.

இந்த முறை கேள்விக் கவுண்டரில் யாமினி என்ற பெண் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சட்டையில் "என்னிடம் கேளுங்கள்" என்று வட்டமாக ஒரு பேட்ஜ்.

"இந்த கிரீம் எத்தனை நாள் போடணும்மா?"

யாமினியின் முகம் மலர்ந்தது. "வெரி குட் கொஸ்டின் அங்கிள். நெறைய பேரு இத கேக்குறதே இல்ல." ஏதோ தட்டினாள். "ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். கால அளவு கேட்டகிரி. ரெஃபரன்ஸ் நம்பர் ஃபோனுக்கு வரும்."

"நம்பர் வேணாம்மா. நாள்தான் வேணும்."

"நாள நான் சொல்லக் கூடாது அங்கிள். முன்னாடி ஒரு ஸ்டாஃப் வாயால ஒரு நம்பர் சொல்லி, அது தப்பாப் போச்சு. அதுலருந்து சேஃப்டிக்காக யாருமே நம்பர் சொல்றதில்ல."

கனி குரலைத் தாழ்த்திக்கொண்டு கவுண்டரில் முழங்கையை ஊன்றினார். எத்தனையோ மொத்த வியாபாரிகளை வழிக்குக் கொண்டுவந்த முழங்கை அது. "சரி, நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன். ஒரு வருஷம்?"

"அங்கிள்."

"ஆறு மாசம்? ரெண்டு மாசம்? பத்து நாள்னு வச்சுக்குவோம். நான் எறங்கிக்கிட்டே வர்றேன், சரியான நாள் வந்ததும் தலைய மட்டும் ஆட்டு."

"தலை ஆட்டறதும் சொல்ற மாதிரிதான் லா அங்கிள். மேல கேமரா இருக்கு."

கனி மேலே பார்த்தார். கேமரா இருந்தது. அவள் ஒரு பேட்ஜை எடுத்து அவர் சட்டையில் குத்திவிட்டாள். அதில் "நான் கேட்டேன்" என்று பொறித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஃபோனுக்குச் செய்தி வந்தது. கேள்வி கேட்ட அனுபவம் எப்படி இருந்தது என்று தொட்டுச் சொல்ல, சிரிப்பதிலிருந்து அழுவது வரை ஐந்து முகங்கள் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கோப்பிக் கடையில் அந்தப் பேட்ஜோடு வந்து உட்கார்ந்தார். "என் கடைக்கு ஒருத்தன் வந்து பருப்பு என்ன வெலைன்னு கேக்குறான். நான் வெலை சொல்லாம, கேட்டதுக்கு நன்றின்னு நெஞ்சுல ஒண்ண குத்தி அனுப்புனா, அடுத்த தடவ வருவானா?" என்று கேட்டார். வரமாட்டான் என்றோம். "நான் போறேனே," என்றார்.

அடுத்து அவரை விரல் நுனிப் பட்டறைக்கு அழைத்தார்கள். கேள்வி பதிவு செய்தவர்களுக்கு அது கட்டாயம். ஐந்தாவது மாடியில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் விரல். நிலையத்தார் இந்த ஒன்றை ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகக் கிரீமைப் பிதுக்கினால், அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். கனிக்குப் பிடித்திருந்தது. அளவு என்றால் இப்படித்தான், கையோடு இருக்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு எல்லோருடைய விரலையும் அளந்தார்கள். நிலையத்தின் தர விரல் இருபத்தைந்து மில்லிமீட்டர். கனியின் விரல் இருபத்தெட்டு. மூன்று மில்லிமீட்டர் மிகுதி என்று குறித்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டு, ஒன்றேகால் மணி நேரம் கழித்து விரல் விலக்குச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"அளவு புரிஞ்சிச்சு," என்றார் கனி. "எத்தனை நாள்?"

"இது அளவுப் பட்டறை அங்கிள்," என்றாள் யாமினி. "நாளுக்குத் தனிப் பட்டறை. அடுத்த வருஷம் வருது."

"எங்க போடக் கூடாதுன்னு ஏதாவது?"

"அது இடப் பட்டறை. ஃபுல் ஆயிடுச்சு."

யாமினியைக் குறைசொல்லிப் பயனில்லை. நல்ல பெண். போகும்போது அவர் காதருகே வந்து, "அங்கிள், எனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்," என்றாள். அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட ஒரே நேரான பதில் அது.

அதே சமயத்தில்தான் கடையில் பொட்டலங்கள் விழ ஆரம்பித்தன.

முதலில் பட்டை. "பட்டை அம்பது" என்றார், ஹலீமா வழக்கம்போல இடப்பக்கத்திலிருந்து நீட்டினார், கை வந்து வாங்கிக்கொள்ளவில்லை. பொட்டலம் தரையில் விழுந்தது. தவறிவிட்டது என்று நினைத்தார் ஹலீமா. அடுத்த வாரம் சோம்பு, அதற்கடுத்து கசகசா. நீட்டிய கை அப்படியே நிற்கும். கனி நேரே பார்த்துக்கொண்டு, "எங்க, குடுத்தியா?" என்பார்.

ஹலீமா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு முன்னால், கடையை விட்டுவிட்டுத் தோ பாயோவில் மகள் வீட்டோடு போய் இருக்கலாம் என்று அவர் பேச்செடுத்திருந்தார். கனி அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போயிருந்தார். அந்தக் கோபம்தான் இது என்று ஹலீமா முடிவு கட்டிவிட்டார்.

"கோவம்னா வாயால சொல்லுங்க மச்சான்," என்றார் ஒருநாள், கடையில் ஆள் இருக்கும்போதே. "பொருள கீழ தள்ளி காட்டாதீங்க. நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன். மனுஷியா தெரியலியா ஒங்களுக்கு?"

கனிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. அதான் சொல்றேன்."

இரண்டு மாதம் அவர்களிடையே பேச்சு ஏலம், பட்டை, சோம்பு என்ற அளவுக்குச் சுருங்கியது. கனி விடாமல் தடவிவந்த முழங்கையின் உள்பக்கத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, கீழே ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிந்தது. மூட்டை லேசாக உரசினாலே கருநீலமாகக் கன்றியது. சந்தில் தள்ளுவண்டிமேல் மோதினார். அரிசி மூட்டையில் இடறினார். வயசாயிட்டு என்றார். நாங்களும் அதையே சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப எடுக்க வழியில்லை.

நிலையத்தில் ஆண்டு நலச் சோதனை நடந்தது. அவர் இரண்டு இடத்தில் மோதியதைச் சொன்னார். உடனே கண் அட்டை முன்னால் நிறுத்தினார்கள். மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். அதோடு விடாமல், அட்டையின் ஓரத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் அச்சிட்ட ஆண்டையும் சேர்த்து வாசித்தார். நேரே இருப்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பதற்கு ஃபார்மில் கட்டம் இல்லை. "பார்வை: மிக நன்று" என்று எழுதினார்கள், சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

2025 அக்டோபரில் விருது அறிவித்தார்கள். ஆண்டின் மிகப் பாதுகாப்பான பயனாளர். பத்தொன்பது மாதம் ஒரு தவணைகூட விடாமல், கொடுத்த அளவைத் தாண்டாமல், எல்லா டியூபையும் தேதிக்குள் தீர்த்தவர் என்று விநியோகக் கணினியே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. எங்கள் சந்திலிருந்து நாலைந்து பேர் போனோம். ஹலீமா புதுப் புடவை கட்டிக்கொண்டு, முகம் கொடுக்காமல் வந்தார்.

கேள்வி மேலாண்மைப் பிரிவின் இயக்குநர் மாசிலாமணி பேசினார். உயரமானவர், கம்பீரமான குரல்.

"பெருமக்களே, கடந்த ஆண்டு நம் நிலையத்துக்கு நாற்பத்தோராயிரம் கேள்விகள் வந்தன. ஒன்றுகூட வீணாகவில்லை. அனைத்தையும் வகைப்படுத்திப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பதில் சொல்வது எளிது. தெரிந்தவர் எவரும் சொல்லிவிடலாம். கேள்வியை மதிப்பதுதான் கடினம். சிலர் என்னிடம் கேட்கிறார்கள், ஐயா, பதில் எப்போது வரும் என்று. அதையும் ஒரு கேள்வியாகப் பதிவு செய்யும்படி நான் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நாம் பதில் சொன்ன ஆண்டில் இரண்டு தவறுகள் நடந்தன. சொல்லாத இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு தவறும் பதிவாகவில்லை. பாதுகாப்பு என்றால் இதுதான்."

பலத்த கைதட்டல். பிறகு கனியை மேடைக்கு அழைத்தார்கள். நேராக நடந்து போனார். கேடயம் முன்னால் நீண்டது, வாங்கிக்கொண்டார். மாசிலாமணி அவருக்கு இடப்பக்கம் வந்து நின்று கைகுலுக்கக் கையை நீட்டினார்.

கனி நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசிலாமணி இன்னும் கொஞ்சம் நீட்டினார். புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார். புன்னகை மாறாமல், இயக்குநரின் கை காற்றில் நின்றது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்கிறார், பதில் தராத கோபம் என்று எங்களில் ஒருவரே மெச்சிக்கொண்டார்.

ஹலீமா சிரிக்கவில்லை. காற்றில் நின்ற அந்தக் கையை அவருக்குத் தெரியும். எட்டு மாதமாக அது அவருடைய கை. எழுந்து நின்றுவிட்டார்.

"யா அல்லா," என்றார் மெதுவாக. "இவருக்குத் தெரியல."

திங்கட்கிழமை தோ பாயோவில் டாக்டர் முனீராவின் சின்ன கண் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள். முனீரா ஹலீமாவின் தம்பி மகள். கண்ணின் அழுத்தத்தை அளந்தார், இரண்டு தடவை. பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரங்களில் ஒளிப்புள்ளிகளைக் காட்டி, தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கனி ரொம்ப நேரம் அழுத்தாமலே இருந்தார். கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்தாராம்.

முனீரா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமா, கண்ணுக்குக் கிட்ட ஏதாவது கிரீம் போடுறீங்களா?"

கனி பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினார். முனீரா பெயரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"இத எத்தனை நாளா போடுறீங்க?"

கனி அவரையே பார்த்தார். ஒன்றரை வருடமாக அவர் சுமந்து திரிந்த கேள்வி, முதல்முறையாக ஒருவர் வாயிலிருந்து அவரிடமே திரும்பி வந்தது. அவருக்கோ பதில் தெரியும். தேதிக்காரர்.

"போன வருஷம் மார்ச் பன்னெண்டுலருந்து. இன்னிக்கோட ஐநூத்தி எம்பது நாள்."

முனீரா டியூபை மேசையில் வைத்தார்.

"கைக்கு ரெண்டு வாரம் போதும் மாமா. கொறஞ்சதும் நிறுத்திட்டு வெறும் மாய்ஸ்சரைசர். திரும்பி வந்தா டாக்டர்ட்ட காட்டிட்டுத்தான் போடணும். இமைக்கு இவ்ளோ ஸ்ட்ராங்கா உள்ளத தானா எடுத்துப் போடவே கூடாது. அங்க தோல் ரொம்ப மெல்லிசு, மருந்து உள்ள போயி கண்ணுல அழுத்தம் ஏறும். வலிக்காது. ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா பார்வைய எடுத்துடும்."

"ரெண்டு வாரம்," என்றார் கனி.

"ஆமா."

"பதினாலு நாள்."

"ஆமா மாமா."

"இவ்வளவுதானா." பேரம் படியாத விலையைக் கேட்டவர் மாதிரி இல்லை. படிந்த பிறகு, பக்கத்துக் கடையில் பாதி விலை என்று தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது அந்தக் குரல். "நான் பத்துன்னு கேட்டுப் பாத்தேன். அந்தப் பொண்ணு தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"போனது திரும்புமா?" என்று கேட்டார் ஹலீமா.

முனீரா இல்லை என்று தலையசைத்தார். சொட்டு மருந்து இருக்கிறது, தவறாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இமைக்கு வேறு மருந்து தருகிறேன் என்றார். பிறகு ஒரு காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டங்கள். இடது வட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. வலது வட்டத்தின் ஓரங்களிலும் கறுப்பு ஏறியிருந்தது.

ஹலீமா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இதுக்குள்ளயா ஒக்காந்திருந்தேன்," என்றார்.

கனி அப்போதுதான் தலையைத் திருப்பினார். முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

முனீரா நிலையத்துக்குக் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். அது கேள்வியாகப் பதிவு செய்யப்பட்டு, முனீராவுக்கு ஒரு பேட்ஜ் வந்தது. தொடர் விநியோகத்தை நிறுத்த நேரில் வந்து ஒரு பட்டறையில் கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அதனால் டியூப்கள் இன்னும் வருகின்றன. ஹலீமா அவற்றைப் பிரிக்காமலே, அழித்துவிடச் சொல்லி முனீராவிடம் கொடுத்துவிடுகிறார். தேதிக்கு முன்னால் ஒரு பொருள் அந்தக் கடையைவிட்டு வீணாக வெளியேறுவது அதுதான் முதல்முறை.

நவம்பரில், முதல் டியூபில் போட்டிருந்த அதே மாதத்தில், பதில் வந்தது. நல்ல கனமான உறை. கனி பில் மேசையில் நின்றபடி எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"மதிப்பிற்குரிய பயனாளருக்கு. மேற்படி களிம்பை எத்தனை நாள் பயன்படுத்த வேண்டும் என்ற தங்கள் கேள்வி ஐந்து நிலைகளில் ஆராயப்பட்டது. பதில்: மருத்துவர் அறிவுறுத்திய நாட்கள் வரை. தங்கள் கேள்வி இத்துடன் வெற்றிகரமாக முடித்துவைக்கப்படுகிறது."

காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கனி கை நீளத்தில் பிடித்து அதையும் வாசித்தார். "இக்கடிதம் கணினியால் உருவாக்கப்பட்டது. கையொப்பம் தேவையில்லை." ஓர் எழுத்து தப்பவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார், காகிதத்தை மடித்தபடி.

அன்று மதியம் ஹலீமா முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தார். வாடிக்கையாளர் நிற்கிற இடம்.

"இங்க?"

"பாதி தெரியுது."

"இங்க?"

"இன்னும் ஒரு சாண் அந்தாண்ட."

"இது அதிகம் மச்சான். வர்றவங்க எங்க நிப்பாங்க?"

"முக்கால் சாண்."

"அரை."

"சரி, அரை."

அரை சாண் நகர்ந்து உட்கார்ந்தார். "இப்ப?"

கனி கொஞ்ச நேரம் பார்த்தார். "முழுசா இருக்க," என்றார்.

ஹலீமா குனிந்து முக்காலியின் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டார். இப்போதெல்லாம் வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் மேசைக்குப் போக வேண்டும். யாரும் முகம் சுளிப்பதில்லை. மகள் வீட்டுக்குப் போகும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

மாதத்தின் முதல் நாள் மட்டும் ஒன்று செய்கிறார். போன பார்வை திரும்பாது என்று முனீரா சொன்னது அவருக்கும் தெரியும். இருந்தாலும், கனி மும்முரமாகப் பில் போடும்போது, சத்தமில்லாமல் முக்காலியை வட்டத்துக்கு வெளியே, அவருக்கு இடப்பக்கமாக ஒரு சாண் தள்ளி உட்காருகிறார். மூச்சுக்கூட விடாமல் காத்திருக்கிறார்.

போன மாதமும் அப்படித்தான். கனி பில்லை முடித்து, வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, நிமிர்ந்தார். எதிரே பார்த்தார்.

"ஹலீமா," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எங்க போயிட்ட?"

கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருந்தார் ஹலீமா. பதில் சொல்லாமல், முக்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.